விரலுக்கேத்த வீக்கம்: கால்பந்தில் செலவு வரம்பு சின்ன கிளப்புக்கு நியாயமா?

இடதுவிங் கேட்டது · 22 நவம்பர் 2025

அடுத்த சீசனிலிருந்து அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நேற்று இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்துவிட்டன. 14-க்கு 6. ஒழுங்கு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் புரியவில்லை. பெரியவனுக்கும் 85, சின்னவனுக்கும் 85, சரி. எதில் 85? இது சின்ன கிளப்பைக் காப்பாற்றும் சட்டமா, இருக்கிற இடத்திலேயே கட்டிப்போடும் சட்டமா? கணக்குப்பிள்ளை அண்ணே, நீங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை · 22 நவம்பர், இரவு 10.15

கட்டிப்போடும் சட்டம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. காலையில் வேலை இருக்கிறது, தூங்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை · இரவு 11.50

தூக்கம் வரவில்லை. கால்குலேட்டரைத் திறந்துவிட்டேன்.

மான்செஸ்டர் சிட்டியின் 2023-24 வருமானம் 715 மில்லியன் பவுண்டு. அதில் 85 சதவீதம் 608. கீழ்ப்பாதியில் 150 மில்லியன் வருமானத்தோடு ஒரு கிளப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 127. விதி ஒன்றுதான், யாரும் மீறவில்லை, எல்லோரும் யோக்கியர்கள். ஆனால் விசில் ஊதும் முன்பே 480 மில்லியன் இடைவெளி. விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் என்பது வீட்டுச் செலவுக்குச் சரி. விரல் வளரவே முதலில் பணம் போட வேண்டிய தொழிலில் அதைச் சட்டமாக்கினால், சுண்டுவிரல் கடைசிவரை சுண்டுவிரல்தான்.

இந்த 2025-26 சீசன் வரைக்கும் வேறு கணக்கு. மூன்று வருடத்தில் மொத்தம் 105 மில்லியன் பவுண்டு வரை நட்டப்படலாம், அதில் 90-ஐ முதலாளி தன் கையிலிருந்து போட்டு அடைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே 105. அது 2013-ல் வைத்த தொகை. அந்த வருடம் உலகிலேயே அதிக விலைக்குப் போன வீரர் கேரத் பேல், சுமார் 100 மில்லியன் யூரோ. நான்கு வருடம் கழித்து நெய்மாருக்கு 222. சந்தை இரண்டு மடங்கானது, 105 மட்டும் அசையவே இல்லை.

கணக்குப்பிள்ளை · 23 நவம்பர், காலை 7.30

"எல்லோருக்கும் ஒரே 105" என்று ராத்திரி எழுதியது தப்பு. இந்த இழையைப் படிக்கும் ஸ்டாப்பேஜ்டைம் என்பவர் பிடித்துவிட்டார்.

மூன்று வருடமும் பிரீமியர் லீக்கில் இருந்தவனுக்குத்தான் 105, அதாவது வருடத்துக்கு 35. கீழே இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் கழித்த வருடத்துக்கு 13 மட்டுமே. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 23 வருடம் காத்திருந்து 2022-ல் மேலே வந்தது. கடனுக்கு விளையாடிய பாதி அணி திரும்பிப் போய்விட்டது, ஏறத்தாழ முப்பது பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த வரம்பு 13, 13, 35. கூட்டினால் 61. பக்கத்தில் இருந்தவனுக்கு 105. அவர்கள் 61-ஐ 34.5 மில்லியன் தாண்டினார்கள், 2024 மார்ச்சில் தண்டனையாக லீக் பட்டியலில் 4 புள்ளி போனது.

ஆக நான் சொன்னதைவிட நிலைமை மோசம். புதிதாக வந்தவனுக்குத்தான் செலவு அதிகம், அவனுக்குத்தான் வரம்பு குறைவு.

கணக்குப்பிள்ளை · 23 நவம்பர், இரவு 9.40

ஃபாரஸ்ட் வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. பிரென்னன் ஜான்சன் எட்டு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த பையன். கணக்காண்டு முடியும் 2023 ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் கணக்கில் பாதிக்கு மேல் சரியாகியிருக்கும். குறைந்த விலைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் காத்திருந்து, செப்டம்பர் 1-ம் தேதி டோட்டனமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். "கொஞ்சம் பொறுத்ததால் நல்ல விலை வந்தது, இது பொறுப்பான வியாபாரம்தானே" என்பது அவர்கள் வாதம். விசாரணைக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. தேதி தேதிதான்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. "அந்த பில்லை அடுத்த வருஷத்துல போடு, இந்த வரவை இந்த வருஷத்துல காட்டு" என்று ஆண்டு முடிவில் நச்சரிக்கும் ஒரு முதலாளியிடம் ஏழு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கடைசி வாரத்தில் மனுஷனுக்குத் திடீரென்று காலண்டர் மேல் காதல் வந்துவிடும். தேதி நெகிழ்ந்தால் எல்லாம் நெகிழும். ஆனால் தேதி இறுகினால் அவசரத்தில் விற்பவன் எப்போதும் சின்னவன்தான், பொறுமையாக வாங்குபவன் பெரியவன்.

கணக்குப்பிள்ளை · 23 நவம்பர், இரவு 10.30

பந்துபொறுக்கி கேட்டிருக்கிறார்: "ஏன் எல்லாரும் சொந்தப் பையனையே விக்கிறாங்க? வெளியில வாங்கினவனை விக்கலாமே?"

60 மில்லியன் கொடுத்து ஒருவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் வருடத்துக்கு 12 மில்லியன் செலவாக எழுதுவோம். இரண்டு வருடம் கழித்து அவர் புத்தக மதிப்பு 36. அப்போது 40-க்கு விற்றால் லாபம் வெறும் 4. பத்து வயதிலிருந்து உங்கள் மைதானத்தில் பந்து உதைத்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். அவனை 40-க்கு விற்றால் 40-ம் லாபம். முழுக்க, அன்றைக்கே.

2024 ஜூன் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? நியூகாஸில் எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்றது. எட்டு வயதில் சேர்ந்த ஊர்ப் பையன். விற்க வேண்டாம் என்றுதான் பயிற்சியாளருக்கும் ஆசை. அதே வாரம் ஆஸ்டன் வில்லாவும் எவர்ட்டனும் ஆளுக்கொரு இளைஞரை மாற்றிக்கொண்டார்கள், வில்லாவும் செல்சியும் இன்னொரு ஜோடி. இவர் பையன் அங்கே, அவர் பையன் இங்கே, இரண்டு பேர் புத்தகத்திலும் லாபம். எல்லாம் விதிக்கு உட்பட்டதே. ஆனால் இப்படியொரு பதிவை நான் அலுவலகத்தில் போட்டிருந்தால் தணிக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்திருப்பார்.

செலவைக் கட்டுப்படுத்த வந்த விதி, ஊர்க்காரப் பையனை முதலில் விற்கச் சொல்கிறது. ஆண்டர்சன் இப்போது இங்கிலாந்துக்கு ஆடுகிறார்.

கணக்குப்பிள்ளை · 24 நவம்பர், மதியம் 1.10

மூன்றாம்பாதி ஒரே வரி போட்டிருக்கிறார்: "பரியை மறந்துட்டு பேசுறீங்க."

சாப்பாட்டு நேரம் முழுக்க இதிலேயே போனது.

பரி 1885-ல் தொடங்கிய கிளப். இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பையான எஃப்ஏ கோப்பை இரண்டு முறை, 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0. 2019 வசந்தத்தில் நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு உயர்ந்தார்கள், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வராத நிலையிலேயே. அதே ஆகஸ்ட் 27-ம் தேதி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 125 வருட உறுப்பினர்.

வரம்பு அவர்களைக் கட்டிப்போட்டதா? இல்லை. அந்த அடுக்கில் சம்பளத்துக்கு வருமானத்தை ஒட்டிய வரம்பு இருந்தது. ஆனால் முதலாளி பையிலிருந்து போடும் பணத்தையும் வருமானம் என்றே எழுதிக்கொள்ளலாம். முதலாளி இருக்கும்வரை வரம்பே இல்லை. அவர் கை வற்றியதும் அந்த ஊர்க் கூட்டத்தின் டிக்கெட் காசில் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. எனக்கு ஃபாரஸ்டுக்கு நியாயமாகப் பட்டது, அதாவது முதலாளி பணம் போட விடுங்கள் என்பது, பரிக்கு எமனாக வந்த விஷயம்.

போர்ட்ஸ்மத்தும் அப்படித்தான். 2008-ல் எஃப்ஏ கோப்பை, 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகம், 9 புள்ளி கழிப்பு, 2013-ல் நான்காம் அடுக்கு. ரசிகர்களே காசு சேர்த்து வாங்கிக் காப்பாற்றினார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. சூடு போட்டது ஒருவர், தழும்பு ஊருக்கு.

முதல் குறிப்பில் "யோசிக்க ஒன்றுமில்லை" என்று எழுதியவன் யார் என்று தெரியவில்லை. யாரோ என் பெயரில் எழுதியிருக்கிறான்.

கணக்குப்பிள்ளை · 25 நவம்பர், இரவு 11.05

இந்த வாதம் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று யோசித்தேன். காரணம் சிரிப்பானது.

இருபது வருடத்துக்கு முன் ஒரு வார இறுதி லீக்கில் ஆடினோம். ஏழு பேர் அணி, எட்டு அணிகள். நான் பொருளாளர், ஏனென்றால் நோட்டு வைத்திருந்தவன் நான்தான். வெளியாள் இறக்குமதி அளவுக்கு மீறிப் போனதால் நடத்துபவர்கள் ஒரு விதி போட்டார்கள்: ஒவ்வொரு அணியும் தன் உறுப்பினர்களிடம் வசூலித்த சந்தாவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும். நாங்கள் ஒன்பது பேர். பலமான அணியில் இருபத்திரண்டு பேர் சந்தா கட்டினார்கள், அதில் பாதிப் பேர் பந்தையே தொடாதவர்கள், சும்மா பெருமைக்கு. அவர்கள் அதை வைத்து வேறு லீக்கிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தார்கள். விதி மீறல் எதுவும் இல்லை. 5-0.

அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள்: எல்லா அணிக்கும் ஒரே தொகை. இந்த முறை அந்த ஸ்ட்ரைக்கருக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு சீசனில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அணி நண்பர்கள் "தனிப்பட்ட முறையில்" பரிசு கொடுத்தார்கள். ஒரு முறை பூட்ஸ், ஒரு முறை கைக்கடிகாரம்.

எங்கள் அணி சுத்தம். அதனால்தான் ஏழாவது இடம்.

கணக்குப்பிள்ளை · 26 நவம்பர், காலை 8.00

பெரிய லீக்கின் பிறந்தநாள் பரிசுகள் வேறு மாதிரி. செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்றது. பிறகு மகளிர் அணியையும் தாய் நிறுவனத்துக்கே விற்றது. பிரீமியர் லீக் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா ஏற்கவில்லை, இந்த ஜூலையில் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம் வந்தது. டெர்பி கவுண்டி தன் மைதானத்தைத் தன் முதலாளிக்கே 81 மில்லியனுக்கு விற்றது. அவர்கள் கடைசியில் 21 புள்ளி இழந்து மூன்றாம் அடுக்குக்குப் போனார்கள். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவது எல்லோரும் செய்வது. பை பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை · 26 நவம்பர், இரவு 10.20

"விதியை மீறினவன் எவனும் நட்டப்படலை" என்கிறார் ஆஃப்சைடு ஆறுமுகம். பாதி சரி.

லெஸ்டர் 2014-ல் சாம்பியன்ஷிப் விதியை மீறி மேலே வந்தது. வழக்கு இழுத்து, 3.1 மில்லியன் கட்டி முடித்தது 2018-ல். நடுவில் 2016-ல் பிரீமியர் லீக்கையே வென்றுவிட்டது. போர்ன்மத் 2015-ல் இதே வழி, கடைசியில் 4.75 மில்லியன். மேலே ஒரு சீசன் இருந்தால் டிவி பணமே 100 மில்லியன் பக்கம். அப்படிப் பார்த்தால் இது அபராதம் இல்லை, நுழைவுச் சீட்டு. ஆனால் அதே 2014-ல் மீறி ஏறிய குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒரே வருடத்தில் இறங்கிவிட்டது, பிறகு சுமார் 42 மில்லியனுக்குச் சமரசம். லாட்டரிதான்.

லூட்டன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. பழைய நிர்வாகங்களின் குளறுபடிக்கு 2008-09 சீசனை அவர்கள் மைனஸ் 30 புள்ளியில் தொடங்கினார்கள். நான்காம் அடுக்கில். லீக்கை விட்டே வெளியே போய், ஐந்து வருடம் அங்கே கிடந்து, 2023-ல் பிரீமியர் லீக்குக்கு வந்தார்கள்.

அந்தப் பக்கம் நிதி விதிகளை மீறியதாக சிட்டி மேல் 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டு. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது, இந்த 2025 நவம்பர் வரை தீர்ப்பு இல்லை. அவர்கள் குற்றம் செய்தார்களா என்பது எனக்குத் தெரியாத விஷயம், அதில் நுழையமாட்டேன். நட்ட வரம்பைத் தாண்டிய எவர்ட்டனுக்கு 10 புள்ளி கழித்து, முறையீட்டில் 6 ஆக்கி, அடுத்த வழக்கில் இன்னொரு 2 கழித்து, எல்லாம் ஒரே சீசனுக்குள் முடிந்தது என்பதை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். ஒப்புக்கொண்டவன் வழக்கு சீக்கிரம் முடியும், வக்கீல் படை வைத்தவன் வழக்கு மெதுவாகத்தான் போகும். வரம்பைவிட இதுதான் சின்ன கிளப்பை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை · 27 நவம்பர், இரவு 9.15

இடதுவிங், "டிவி பணத்தைச் சமமா பிரிச்சா தீர்ந்தது" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது.

2023-24-ல் முதலிடம் வந்த சிட்டிக்கு லீக் கொடுத்தது 175.9 மில்லியன். கடைசி இடம் வந்த ஷெஃபீல்டு யுனைட்டடுக்கு 109.7. ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிரீமியர் லீக்குக்குள் டிவி பணம் ஓரளவு சமமாகத்தான் போகிறது. வித்தியாசம் விளம்பரத்திலும் ஐரோப்பியப் போட்டியிலும் வருகிறது. சிட்டியின் விளம்பர வருமானம் மட்டும் அந்த வருடம் 344 மில்லியன். யாரும் பிரித்துக் கொடுக்கப்போவதில்லை.

பள்ளம் இருப்பது இரண்டு அடுக்குக்கு நடுவில். இறங்கியவனுக்கு, விழுந்த அடி தாங்க, மூன்று வருடம் வரை லீக்கிடமிருந்து பாராசூட் பணம் வருகிறது, ஏற்கனவே கீழே இருந்தவனுக்கு அதில் ஒரு துண்டுதான். 2023-ல் ஏறிய மூவரும் உடனே இறங்கினார்கள், 2024-ல் ஏறிய மூவரும் அப்படியே. ஆறுக்கு ஆறு. இந்த வருடம் சண்டர்லாந்து மேல்பாதியில் நிற்கிறது, 150 மில்லியனுக்கு மேல் கொட்டிவிட்டு. வாழ்த்துகள். அது எந்த விதியின் வெற்றி என்று மட்டும் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை · 27 நவம்பர், இரவு 9.50

சண்டர்லாந்து என்றதும் ஞாபகம் வந்தது. "எல்லோருக்கும் ஒரே தொகை" என்பதை நிஜமாகவே ஒரு முறை செய்து பார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் மூன்றாம் அடுக்குக்குச் சம்பள வரம்பு 2.5 மில்லியன், நான்காம் அடுக்குக்கு 1.5. அப்போது சண்டர்லாந்து மூன்றாம் அடுக்கில். முப்பதாயிரம் பேர் வரும் மைதானமும் மூவாயிரம் பேர் வரும் மைதானமும் ஒரே தட்டில். சின்ன கிளப்புகள் விரும்பி ஓட்டுப் போட்டன. ஆறு மாதத்தில், 2021 பிப்ரவரியில், வீரர்கள் சங்கம் நடுவர் மன்றத்தில் அதை உடைத்துவிட்டது.

போன வாரம் பிரீமியர் லீக்கிலும் இதற்கு ஒரு சித்தப்பா பிள்ளை வந்தான். கடைசி இடத்துக் கிளப் வாங்கும் லீக் பணத்தில் ஐந்து மடங்குக்கு மேல் யாரும் அணிக்குச் செலவழிக்கக்கூடாது என்று. 14 ஓட்டு வேண்டும், கிடைத்தது 7. மேலே இருப்பவனின் தலையை உண்மையிலேயே தட்டும் ஒரே யோசனை அதுதான், அது விழுந்துவிட்டது. நான் உட்கார்ந்து எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். சின்னவனுக்கு முதலாளி பணம் போடலாம், ஆனால் மூன்று வருடச் சம்பளத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவிட்டுப் போடட்டும். பரியில் இருந்திருந்தால் ஆட்டக்காரன் வீட்டு வாடகையாவது நின்றிருக்காது.

கணக்குப்பிள்ளை · 29 நவம்பர், மாலை 6.00

ஸ்டாப்பேஜ்டைம் இன்னொரு ஓட்டையும் காட்டினார், ஒப்புக்கொள்கிறேன். முதல் ராத்திரி 85-ஐத் திட்டினேனே, யூஃபாவின் வரம்பு அதைவிட இறுக்கம்: 2023-24-ல் 90, அடுத்த வருடம் 80, இந்த சீசனிலிருந்து 70. அதாவது ஐரோப்பாவில் ஆடும் பெரியவனுக்கு 70, ஆடாத சின்னவனுக்கு 85. இது சின்னவனுக்குச் சாதகம்தானே என்கிறார். ஆமாம். ஒரு நல்ல சீசன் ஆடி அவன் ஐரோப்பாவுக்குத் தகுதி பெறும் நாள் வரை. அன்றைக்கு ஆட்டம் கூடும், ஆள் கூட வேண்டும், கூரை 15 இறங்கும். வில்லா அதில்தான் தலை இடித்துக்கொண்டிருக்கிறது.

பிரைட்டன் கிளப்பை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு: கைசெடோ என்ற ஆட்டக்காரரைச் சில மில்லியனுக்கு வாங்கி 100-க்கு மேல் விற்றது உண்மை, அழகு. அதற்கு முன் அவர்கள் முதலாளி வட்டியில்லாமல் 300 மில்லியனுக்கு மேல் கடன் கொடுத்து மைதானம் கட்டி உட்கார்ந்திருந்ததும் உண்மை. சிக்கனம் முதல் படி இல்லை.

கணக்குப்பிள்ளை · 30 நவம்பர், இரவு 10.40

திருத்தம், கால்பந்துக்குச் சம்பந்தமில்லாதது. பழைய அணிக்காரன் ஒருவன் இந்த இழையைப் படித்துவிட்டு போனில் கூப்பிட்டான். "எங்கள் அணி சுத்தம்னு எழுதியிருக்கே, நோட்டை எடுத்துப் பாருடா" என்றான்.

பரணில் இருந்தது, எடுத்தேன். இரண்டாவது வருடம், எல்லோருக்கும் ஒரே தொகை என்று விதி வந்த சீசன். பதினான்கு வாரமும் ஒரே வரி, என் கையெழுத்தில்: "தண்ணீர்". ஏழு பேர் குடிக்கும் தண்ணீர் இல்லை அது, ஒரு தெருவே குடிக்கலாம். கோல்கீப்பர் வேறு ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனுடைய பஸ் கட்டணம்.